‘அவ எங்க?’ என்று கேட்ட ராத்திரி: ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பதின்வயதும் துணையும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு ராத்திரியில ஆரம்பிக்குது.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம், லாரிகள் வரிசையா நின்னுடுச்சு. நடுரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இளம்பெண்கள். பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் அசெம்பிள் செய்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்ப்பவர்கள்.

ஆலைத் தொழிலாளர்கள் ரோட்டில் உட்கார்ந்தால் நமக்கு உடனே என்ன தோணும்? சம்பளம், போனஸ், யூனியன். ஆனால் அன்றைக்கு அவர்களை ரோட்டுக்குக் கொண்டுவந்த கேள்வி வேற. எங்க ரூம்ல இருந்த பொண்ணு எங்க? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அவ எப்படி இருக்கா?

இரண்டு நாள் முன்னாடி, பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பிட்ட பெண்களுக்கு உணவு நஞ்சாகிவிட்டது. 250-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எந்த ஆஸ்பத்திரியில், யார் எப்போ திரும்புவாங்க என்று ரூமில் மிச்சமிருந்தவர்களுக்குத் தெளிவான பதில் வரவில்லை. அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் புகுந்தது. சில பேர் செத்துட்டாங்களாம் என்று செய்தி பரவியது. அது வதந்தி. யாரும் இறக்கவில்லை. ஆனால் ராத்திரி வரை காலியாகக் கிடக்கிற பக்கத்துப் பாயைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு அதை வதந்தி என்று யார் சொல்வது?

மறுநாள் பகல் வரை மறியல் நீடித்தது. காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து பேசினார். போலீஸ் பல பெண்களைப் பிடித்துவைத்து, பிறகு விடுவித்தது. ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. 2022 ஜனவரி 12-ம் தேதிதான் வேலை மறுபடி ஆரம்பித்தது.

இந்தச் சம்பவத்தைத் தொழிலாளர் வரலாறாகப் பலர் எழுதிவிட்டார்கள். நான் இன்னிக்கு அதை வேறொரு வரலாற்றில் வைத்துப் பார்க்கப் போறேன். வீட்டை விட்டு வந்த ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணோட மனசை யார் தாங்கிப் பிடிக்கிறாங்க, அந்தப் பிடி எப்போ நிக்குது, எப்போ விட்டுப்போகுது என்கிற வரலாறு. ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் ‘சமூக ஆதரவு’ என்கிறார்கள். நம்ம பாஷையில் அதுக்கு இன்னும் பழைய, இன்னும் நல்ல சொல் ஒன்று இருக்கு: துணை.

பென்னலூர்: ஒரே வயது, இரண்டு விடுதிகள்

சென்னையிலிருந்து நெடுஞ்சாலையில் போனீங்கன்னா பூந்தமல்லி, அப்புறம் ஹூண்டாய் ஆலை இருக்கிற இருங்காட்டுக்கோட்டை, அதைத் தாண்டினால் பென்னலூர். அடுத்தது ஸ்ரீபெரும்புதூர், அப்புறம் சுங்குவார்சத்திரம். பூந்தமல்லிப் பக்கம் தூங்கி, சுங்குவார்சத்திரத்தில் வேலை பார்க்கிறவர்களின் பஸ் பென்னலூரைத் தாண்டித்தான் போகணும். விடியற்காலையில் அந்தப் பஸ் ஜன்னல்களைக் கவனிச்சுப் பாருங்க. பாதித் தலைகள் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும், மீதி பக்கத்துத் தோளில்.

பென்னலூரை நான் எடுத்துக்கிட்டதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கேதான் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கு. 1985-ல் தொடங்கிய கல்லூரி. இப்போ இரண்டு பெண்களைக் கற்பனை பண்ணிக்குங்க. இரண்டு பேரும் அதே வருஷம் பிளஸ் டூ முடித்தவர்கள். இரண்டு பேருக்கும் வயது 18. ஒருத்தி ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலுக்கு வருகிறாள். இன்னொருத்தி ஆலைக்காரர்கள் எடுத்த விடுதிக்கு வருகிறாள். இரண்டு பேரும் முதல் வாரம் பாத்ரூமில் போய் அழுவார்கள். இரண்டு பேரும் அம்மாவிடம் போனில் “நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேன்” என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நம்ம சட்டப் புத்தகத்தில் இந்த இரண்டு பேரும் வேற வேற ஆட்கள்.

முதல் பெண் ‘மாணவி’. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதுக்குமான விதிமுறைகளைக் கொடுத்தது. அந்த விதிகளைப் படிச்சா ஆச்சரியமா இருக்கும். புதுசா சேர்ந்தவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிக்கணும், ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்கணும், அவர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி என்ன கஷ்டம் என்று கேட்கணும், ஆறு புது மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி இருக்கணும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கிற நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்கணும் என்றது. இதெல்லாம் எல்லாக் கல்லூரியிலும் ஒழுங்கா நடக்குதான்னு என்னைக் கேட்காதீங்க. ஆனால் எழுத்தில் இருக்கு. கேட்பதற்கு உரிமை இருக்கு.

இரண்டாவது பெண் ‘தொழிலாளி’. அவளுக்காகவும் சட்டம் உண்டு. வேலை நேரம், கேண்டீன், விபத்துப் பாதுகாப்பு பற்றியெல்லாம் தொழிலாளர் சட்டம் பேசும். அவள் தூங்கும் இடத்தைப் பற்றி, 2014-ல் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமம் வேணும், வார்டன் வேணும், காவல் வேணும் என்கிற சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அது வெளியிலிருந்து வரும் ஆபத்தை யோசித்து எழுதப்பட்டது. உள்ளே இருக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிற அந்த ‘ஆறு பேருக்கு ஒருத்தர்’ இங்கே கிடையாது.

ஃபாக்ஸ்கான் சம்பவத்தின்போது ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் பெண்கள் சொன்ன கணக்கு இது: ஒரு ரூமில் 6 முதல் 30 பேர் வரை, படுக்கை தரையில். ஒரு பக்கம் ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி. இன்னொரு பக்கம் முப்பது பேருக்கு ஒரு ரூம். வயது மட்டும் ஒண்ணு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் 10 முதல் 19 வயது வரை. 2018-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் சூசன் சாயர் முதலானோர் அதை 24 வரை நீட்டணும் என்று வாதிட்டார்கள். மனநலத்தில் இந்த வயதுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வாழ்நாளில் வரும் மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005-ல் அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவின் ஆய்வு கண்டது. அதாவது, நம்ம ஆலைகள் ஆள் எடுக்கிற வயதும் மனசுக்கு அதிகம் கவனிப்பு தேவைப்படுகிற வயதும் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்தச் சாலை எப்படி உருவானது

ஸ்ரீபெரும்புதூர் என்றால் பழைய தலைமுறைக்கு ராமானுஜர் பிறந்த ஊர். அடுத்த தலைமுறைக்கு 1991 மே 21, ராஜீவ் காந்தி. நம்ம தலைமுறைக்கு அது ஒரு ‘பெல்ட்’.

1996-ல் ஹூண்டாய் இங்கே கம்பெனி பதிவு செய்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. கார் ஆலைகளில் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் கூட்டமாக வந்தது 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது. அந்த வளாகத்துக்குள்ளேயும் சுற்றியும் உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் வந்தன. கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு, குளிரூட்டப்பட்ட கட்டடத்தில், கோட்டு போட்டுக்கொண்டு செய்யும் வேலை என்பது அப்போது பெரிய விஷயம். வேலூர், அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் கம்பெனி பஸ் வந்தது. பலர் வீட்டிலிருந்தே போய்வந்தார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் நாலு பேர், ஆறு பேர் சேர்ந்து ரூம் எடுத்தார்கள்.

அந்த ரூம் எப்படி அமைந்தது என்பதைக் கவனியுங்க. ஏற்கெனவே வேலைக்குப் போன பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி இருப்பாள். அவளை நம்பித்தான் அம்மா அப்பா அனுப்புவார்கள். அந்த அக்கா ரூமில் இடம் சொல்லிவைப்பாள், எந்த பஸ், எந்த ஷிப்ட், எந்தச் சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசணும் என்று சொல்லிக்கொடுப்பாள். யாரும் திட்டமிட்டு உருவாக்காத ஓர் அமைப்பு இது. நல்லாவே வேலை செய்தது.

2014-ல் அது குலைந்தது. வரித் தகராறில் சிக்கிய ஆலையை மைக்ரோசாஃப்ட் வாங்கவில்லை. நவம்பர் 1-ம் தேதி நோக்கியா உற்பத்தியை நிறுத்தியது. அதே டிசம்பரில் அங்கிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். செய்தித்தாள்கள் இழப்பை ரூபாயில் எண்ணின. சம்பளம் நின்ற அன்றே ரூமும் காலியானது என்பதை யாரும் எண்ணவில்லை. ஆறு பேரும் ஆறு ஊருக்குப் போனார்கள். சிலருக்குக் கல்யாணம் ஆனது, போன் நம்பர் மாறியது. இருபது வயதில் ஒரே வாரத்தில் வேலையையும் கூட இருந்தவர்களையும் சேர்த்து இழப்பது எப்படி இருக்கும்?

அப்புறம் வந்த அலையில் வேலைகள் திரும்பின, ஐபோன் வந்தது. ஆனால் ஆட்களை எடுக்கும் முறை மாறியிருந்தது. கான்ட்ராக்டர் வழியாக வேலை, கான்ட்ராக்டர் ஏற்பாடு செய்த விடுதி, கான்ட்ராக்டர் பஸ். ரூமை நீங்க தேர்ந்தெடுப்பது கிடையாது. ஒரகடம் பக்கம் டிரெய்னி, அப்ரன்டிஸ் என்ற பெயரில் வருகிற பையன்களுக்கும் இதே கதைதான். ஒப்பந்தம் முடிகிற தேதியில் அவர்கள் ரூமும் கலைந்துவிடும். பையன்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: ‘ஆம்பளப் பையன், சமாளிச்சுக்குவான்’ என்று சொல்லி வார்டன் அளவுக்குக்கூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

துணை என்றால் சரியாக என்ன?

இங்கே கொஞ்சம் ஆராய்ச்சிப் பக்கம் போயிட்டு வரலாம்.

1976-ல் சிட்னி காப் என்ற அமெரிக்க மருத்துவர் சமூக ஆதரவுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். என் சொந்த வார்த்தையில் சொல்றேன்: என் மேல் அக்கறை உள்ளவர்கள் இருக்கிறார்கள், என்னை மதிக்கிறார்கள், நானும் அவர்களும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒருவரை நம்பவைக்கிற தகவல்தான் ஆதரவு. இதில் என்னைக் கவர்ந்தது கடைசிப் பகுதி, அந்தக் கடமை. உனக்கு நான் செய்யணும், எனக்கு நீ செய்யணும்.

1981-ல் ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர், அதுவும் வேலையிடத்து மன அழுத்தத்தைப் பற்றி எழுதும்போது, ஆதரவை நாலாகப் பிரித்தார். அந்த நாலையும் நம்ம விடுதி ரூமுக்குள் கொண்டுவந்து பார்ப்போம்.

ஒண்ணு, மனசுக்குத் துணை. அழும்போது பக்கத்தில் உட்காருவது. இரண்டு, கைத்துணை. ஓவர்டைம் முடிந்து வருகிறவளுக்குத் தட்டில் சாப்பாடு எடுத்து மூடிவைப்பது, மாசக் கடைசியில் இருநூறு ரூபாய் கொடுப்பது. மூணு, தகவல். பி.எஃப். பணத்தை எப்படி எடுப்பது, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி எங்கே இருக்கு. நாலு, மதிப்பு சொல்வது. “டார்கெட் யாருக்குமே முடியலடி, நீ ஒருத்தி மட்டும் ஸ்லோ இல்ல” என்று சொல்ல ஓர் ஆள்.

நாலாவது சாதாரணமா தெரியும். ஆனால் பதினெட்டு வயதில் அதுதான் ரொம்ப வேலை செய்யும். என்னால மட்டும்தான் முடியலையோ என்கிற எண்ணம் தனியாகக் கிடந்தால் மனச்சோர்வு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் ஒருத்தி சிரித்தால் அது வெறும் மோசமான நாளாக முடிந்துவிடும். 1985-ல் ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் என்ற இருவர் முந்தைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதிய கட்டுரை ஒன்று ரொம்பப் பிரபலம். துணை இருப்பதால் கஷ்டம் வராமல் போகாது, வருகிற அடியின் வேகம் குறையும் என்பது அதில் வரும் ஒரு முக்கியமான கருத்து. வண்டியில் ஷாக் அப்சார்பர் மாதிரி. பள்ளம் அங்கேயேதான் இருக்கு, முதுகுக்கு வந்து சேருகிற அடி குறையுது.

190 வருஷம் முந்தைய ரூம்மேட்கள்

இளம்பெண்களை ஊரிலிருந்து கூட்டிவந்து விடுதியில் தங்கவைத்து ஆலையை ஓட்டுவது ஸ்ரீபெரும்புதூரில் கண்டுபிடித்த முறை இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்று ஒரு நகரம். 1820-களில் பருத்தி ஆலைகளுக்காகவே உருவானது. சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களும் இருபதுகளில் இருந்த பெண்களும் வந்தார்கள். கம்பெனியே விடுதி கட்டியது. ராத்திரி பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும், ஞாயிறு சர்ச்சுக்குப் போகணும், ஒரு ரூமில் நாலு முதல் ஆறு பேர். கேட்டமாதிரி இருக்கா?

வரலாற்றாசிரியர் தாமஸ் டப்ளின் 1979-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த விடுதிகளைக் கூர்ந்து பார்த்தார். புதுசா வருகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் அங்கே ஒரு அக்காவோ, உறவுக்காரப் பெண்ணோ, ஊர்த் தோழியோ ஏற்கெனவே இருந்தாள். தறியில் வேலை கற்றுக்கொடுத்ததும் அனுபவமுள்ள இன்னொரு பெண்தான். ஒழுக்கத்தைக் கண்காணிக்கக் கம்பெனி கட்டிய விடுதி, பெண்கள் ஒருவரையொருவர் தாங்கும் இடமாக மாறியது.

1834-ல் சம்பளத்தைக் குறைத்தபோது சுமார் 800 பெண்கள் வெளியே வந்தார்கள். தோற்றார்கள். 1836-ல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது அதைவிடப் பெரிய கூட்டம் வெளியே வந்தது. அந்தக் கூட்டத்தில் பாபின் மாற்றும் வேலை பார்த்த ஹாரியட் ஹான்சன் என்ற சிறுமியும் இருந்தாள். வயது 11. பெரியவர்கள் தயங்கி நின்றபோது இவள் முதலில் நடக்க, அவள் தளமே பின்னால் வந்தது. கம்பெனி விடுதி ஒன்றை நடத்திவந்த அவளுடைய அம்மாவுக்கு அந்த வேலை போனது. ஹாரியட் பிற்காலத்தில் 1898-ல் தன் ஆலை வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார்.

1836-ல் லோவெலிலும் 2021-ல் ஸ்ரீபெரும்புதூரிலும் பெண்கள் வெளியே வந்தது மெஷின் பிரச்சினைக்காக இல்லை, தங்கும் இடத்துப் பிரச்சினைக்காக. ஒரு ரூமில் ஒன்றாகத் தூங்குகிறவர்களால்தான் ஒரே ராத்திரியில் இவ்வளவு வேகமாக ஒன்று சேர முடியும்.

ரூம் மட்டும் போதுமா?

அப்போ விடுதி கட்டிட்டா துணை தானா வந்துடுமா? வராது. அதற்கு சாட்சி நம்ம கொங்குப் பக்கத்திலேயே இருக்கு.

கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலி திட்டம்’, ‘திருமண உதவித் திட்டம்’ என்றெல்லாம் பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்று வருஷம் போல ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை, பாதியில் விட்டால் பெரும்பாலும் நஷ்டம். தங்குவது ஆலை வளாகத்துக்குள். 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகத்துக்குச் சொன்னது. வெளியே போகக் கட்டுப்பாடு, வீட்டோடு பேசக் கட்டுப்பாடு.

அங்கேயும் ரூம் இருந்தது, பக்கத்தில் படுத்திருந்தவள் இருந்தாள். ஆனால் காப் சொன்ன அந்தப் பரஸ்பரக் கடமையை நிறைவேற்ற வழி அடைபட்டிருந்தது. தோழிக்கு உடம்பு முடியலைன்னா யாரிடம் சொல்வது? சொன்னால் உன் மூணு வருஷப் பணத்துக்கு ஆபத்து வருமோ என்ற பயம். உதவி செய்யவும் முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பது தனிமையை விடக் கொடுமையான அனுபவம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2021 ராத்திரியில் அந்தப் பெண்களைச் சேர்த்ததும் வாட்ஸ்அப்தான், பொய்யைக் கொண்டுபோனதும் அதே வாட்ஸ்அப்தான். தோழமைக்கு உண்மையான தகவல் கிடைக்காதபோது அது பீதியைத்தான் கைமாற்றும். நிர்வாகம் முதல் நாளே ரூம் ரூமாகப் பட்டியல் ஒட்டி, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களிடம் போனில் பேச வழி செய்திருந்தால் அந்த வதந்திக்கு இவ்வளவு பலம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

18,720 படுக்கைகளும் ஒரு கேள்வியும்

2024 ஆகஸ்ட் 17-ம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஒரு குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். சிப்காட் கட்டியது. செலவு 706.5 கோடி ரூபாய். 18,720 பெண்கள் தங்கலாம். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் விழாவுக்கு வந்திருந்தார். தரையில் பாய் விரித்துப் படுத்த காலத்திலிருந்து பார்த்தால் இது பெரிய தூரம். அதை மறுக்கவே கூடாது. ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் பங்கு உண்டு என்றும் நான் நினைக்கிறேன்.

ஆனால் 18,720 பேர் என்பது ஒரு சின்ன டவுன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே வேலை. பாட்டி கிடையாது, பக்கத்து வீட்டு அண்ணி கிடையாது, டீக்கடை அண்ணன் கிடையாது. அந்த டவுனைப் பற்றி நான் கேட்க நினைப்பதெல்லாம் சின்னக் கேள்விகள்தான். ஊர்த் தோழிகள் இரண்டு பேர் கேட்டால் ஒரே ரூம் கிடைக்குமா? ரூம்மேட்களுக்கு ஒரே ஷிப்ட் கிடைக்குமா, இல்லை ஒருத்தி வரும்போது இன்னொருத்தி கிளம்பிவிடுவாளா? ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ரூமில் இருக்கிறவர்களுக்குச் சொல்வது யாருடைய பொறுப்பு? ஒருத்தி மூணு நாளா சரியா சாப்பிடலை, பேசலை என்றால் ரூம்மேட் அதை யாரிடம் சொல்லலாம், சொன்னதால் யாருக்கும் வேலை போகாது என்று யார் உத்தரவாதம் தருவது?

இந்தக் கடைசிக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் முயற்சி நடந்திருக்கு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதன் பிறகு, பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தின் முடிவில், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், துணி வாங்கும் எச் அண்டு எம் போன்றவர்கள் சட்டப்படி கட்டுப்பட்டு ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். அதில் எனக்கு முக்கியமாகப் படுகிற அம்சம், தொழிலாளர்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து ஆலைத் தளத்தில் கண்காணிப்பாளர்களாக ஆக்கியது. பக்கத்து மெஷின் பெண்ணுக்குத் தொந்தரவு நடந்தால், அதைக் கவனித்து எடுத்துச் சொல்வது அவர்களுடைய வேலை. அப்படிச் சொல்கிறவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கு.

அந்த ஒப்பந்தம் பாலியல் தொந்தரவையும் சாதிப் பாகுபாட்டையும் பற்றியது, நேரடியாக மனநலம் பற்றியது இல்லை. ஆனால் அதன் வழிமுறையைப் பாருங்க. வெளியிலிருந்து ஒரு கவுன்சிலரை வாரம் ஒருநாள் கொண்டுவந்து உட்காரவைக்கவில்லை. பெண்கள் ஏற்கெனவே ஒருத்திக்கொருத்தி செய்துகொண்டிருந்ததை அங்கீகரித்து, பயிற்சி கொடுத்து, பாதுகாப்பும் கொடுத்தார்கள். கல்லூரிக்கு 2009-ல் எழுதிய ‘ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி’யும் அடிப்படையில் இதே யோசனைதான். அதை ஆலை விடுதிக்கு எழுதுவதில் எந்தச் சிரமமும் எனக்குத் தெரியவில்லை. நோக்கியா காலத்து ரூமில் அந்தப் பக்கத்துத் தெரு அக்கா சம்பளமில்லாமல் செய்த வேலை அது. அவளுக்கு ஒரு பொறுப்பு, மாதம் ஒரு சின்னத் தொகை, இரண்டு நாள் பயிற்சி. ஆலோசகர் தேவைப்படும்போது அவரிடம் அழைத்துப் போகிற முதல் ஆளாகவும் அவளே இருப்பாள்.

நாம என்ன பண்ணலாம்?

கேட்டுக்கிட்டிருக்கிற உங்களில் பலர் சென்னையில் ஐ.டி. வேலையிலோ கல்லூரியிலோ இருப்பீங்க. உங்க கையில இருக்கிற போனை அசெம்பிள் பண்ணது இந்தச் சாலையில தூங்கி எழுந்த ஒரு பொண்ணா இருக்கலாம். உங்க சித்தி பொண்ணு, உங்க ஊர்ப் பையன் யாராவது ஒரகடத்துல ரூம் எடுத்திருக்கலாம். அவங்களுக்குப் போன் பண்ணா “சாப்டியா, சம்பளம் வந்துச்சா” என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்க. ரூம்ல யார் யார் இருக்காங்க? உனக்கு உடம்பு முடியலைன்னா முதல்ல யாருக்குத் தெரியும்? இரண்டாவது கேள்விக்கு உடனே ஒரு பேர் வந்தால் நிம்மதி. கொஞ்ச நேரம் அமைதியா இருந்தா, அந்த ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பாருங்க.

உங்களுக்கோ அவங்களுக்கோ தாங்க முடியாத நேரம் வந்தால், டெலி மானஸ் எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண். தமிழில் பேசலாம். எந்த நேரமும் கூப்பிடலாம், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சும் கூப்பிடலாம்.

இந்த எபிசோடை யாருக்கு அனுப்பணும்னு யோசிக்கிறீங்கன்னா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தருக்கு அனுப்புங்க. கூடவே அவங்க ரூம்மேட் நம்பரையும் வாங்கி வெச்சுக்குங்க.